குழாய்த் தொலைக்காட்சிகளைக் காப்பதும் கலைப் பாதுகாப்பே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சிப் பெட்டியையே கலை ஊடகமாகக் கொண்ட ‘நாம் ஜூன் பைக்’ (Nam June Paik) என்ற கொரியக் கலைஞரின் படைப்புகள், பழைய பெட்டிகளில் படம் காட்டும் கண்ணாடிப் படக்குழாய்களின் தட்டுப்பாட்டால் மெல்ல உருமாறிவருவதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சியோலில் 1932இல் பிறந்த பைக், 1963இல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில், உள்மின்சுற்றை மாற்றியமைத்த தொலைக்காட்சிகளைக் காட்சிக்கு வைத்தார். 1965இல் அவர் உருவாக்கிய படைப்பொன்றில், கறுப்பு வெள்ளைப் பெட்டியின் மேல் கனத்த லாட வடிவக் காந்தம் அமர்ந்திருக்கும். குழாய்க்குள் பாயும் எலெக்ட்ரான் கற்றையை அதன் புலம் வளைப்பதால், திரையில் ஒளிக்கோடுகள் பூவிதழ்போல் சுருண்டு விரியும். காந்தத்தைச் சற்றே நகர்த்தினாலும் அந்த உருவம் மாறிவிடும். எலெக்ட்ரான் கற்றையே இல்லாத இன்றைய தட்டையான எல்சிடி திரையில் இப்படி எதுவும் நிகழாது. ஆகவே, பெட்டி போனாலும் படத்தைக் காப்பாற்றினால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தென்கொரியாவின் குவாச்சோனிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் 1988இல் 1,003 திரைகளைக் கொண்டு அவர் எழுப்பிய கோபுரம், பாகங்கள் பழுதடைந்ததால் 2018இல் அணைக்கப்பட்டு, 2022இல்தான் மீண்டும் ஒளிர்ந்தது. பெரும்பாலான குழாய்களைப் பழுதுபார்த்தும் பழைய பெட்டிகளைத் தேடிப் பொருத்தியும் மீட்டவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் 266 சிறிய திரைகளுக்கு, வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எல்சிடி பொருத்த நேர்ந்தது.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் குழாயை அச்சமின்றிக் கையாளத் தெரிந்த தொழிலாளர்கள் குறைந்துவருகிறார்கள். அருங்காட்சியகங்கள் அவர்களை அழைத்து இளையோருக்குப் பயிற்சி அளிப்பதோடு, இயங்கும் பெட்டிகளைக் கழிவாக உடைபடும் முன்னரே வாங்கிச் சேமிக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்