புற்றுக்காளானை வெள்ளிக் கரண்டி அடையாளம் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மழைக்காலச் சமையல் பகுதியில், காட்டில் பறித்த காளான் வேகும்போது வெள்ளிக் கரண்டியையோ பூண்டுப் பல்லையோ போட்டுப் பார்த்து, அது கறுக்காவிட்டால் தயங்காமல் உண்ணலாம் என்று எழுதப்பட்டிருந்தது. மலையடிவாரத்தில் பிறந்து, சிறு வயது முதல் புற்றுக்காளான் பறித்து உண்டு வளர்ந்தவன் என்ற முறையில், இந்தக் குறிப்பு உயிருக்கே உலைவைக்கும் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அமானிட்டா இனத்துக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமாடாக்சின் என்னும் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழிவதுமில்லை. புழுவும் நத்தையும் கடித்த காளான் நல்லது என்பதும் தவறான நம்பிக்கையே. 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் சமைத்து உண்டவர்களில் 13 பேர் இறந்தனர்.

புற்றுக்காளானுக்கு அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. கரையான்கள் தாம் தின்ற இலைதழைகளின் எச்சத்தால் நிலத்தடியில் தேனடை போன்ற அடை கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. அந்த அடையிலிருந்து மழைக்காலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதே இந்தக் காளான். ஆகவே அதைப் பிடுங்காமல், குச்சியால் மெல்ல மண்ணை விலக்கிக்கொண்டே போனால், தண்டு வால்போல் மெலிந்து நீண்டு, கரையான் அடை வரை இறங்குவதைக் காணலாம். குடையின் நடுவே, மண்ணைத் துளைத்த கூர்முனை துருத்தி நிற்கும். அமானிட்டாவுக்கோ தண்டின் அடியில் கிழிந்த பைபோன்ற உறை இருக்கும். அவசரமாகப் பிடுங்கினால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், பறித்தவர் கையில் வெறும் வெள்ளைக் காளான்தான் மிஞ்சும். என் பாட்டி அடித்தண்டு இல்லாத காளானை அடுப்படிக்குள் கொண்டுவர விட்டதே இல்லை. (கொத்தாக முளைக்கும் சிறிய அரிசிக்காளானுக்கு இந்த நீண்ட வேர் இராது, எனவே அதைப் புதியவர்கள் பறிக்காதிருப்பதே நல்லது.)

இன்னொரு சோதனையும் உண்டு. விரிந்த குடையைத் தண்டு நீக்கி, மடிப்புகள் கீழே இருக்குமாறு வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுவதும் வைத்தால், வித்துத்தூள் தாளில் படியும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவினுடையது வெள்ளை. புல்வெளிகளில் முளைத்து வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸின் தூள் பச்சை. இளம்பருவத்தில் அதன் மடிப்புகளும் வெள்ளையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகின்றனர். இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும் நச்சுக்காளான்களும் உள்ளன. ஆகவே வேர், கூர்முனை, தூள் மூன்றும் ஒருங்கே பொருந்தி, பழகிய ஒருவரும் பார்த்துச் சொன்ன பிறகே சமைக்க வேண்டும்.

அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காளான் உண்டு 6 மணி நேரத்துக்குப் பின் தொடங்கும் வாந்தி மிகவும் ஆபத்தானது, மறுநாள் அது அடங்கியதுபோல் தோன்றினாலும் கல்லீரல் உள்ளே சிதைந்துகொண்டிருக்கக்கூடும், எனவே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், சமைக்காத காளான் ஒன்று எஞ்சியிருந்தால் அதையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேனி மாவட்டம்.