தம்பி கல்யாணமும் உன் அம்மாவின் பயமும்

ப்ரோவோ, யூட்டா

அன்புள்ள வாயாடிக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். வீட்டுக்காரர் முழங்கால் வலி, மெஸ் அக்கா புதுக் கடை போட்டது, நம் மொட்டைச்சி மறுபடி வேலையை விட்டது என்று மூணே முக்கால் பக்கம் போய்விட்டது. கடைசி ஓரத்தில் பொடி எழுத்தில், “தம்பி அங்கேயே மார்மன் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான், அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை” என்கிறாய். இதை முதல் வரியில் எழுதினால் கை தேய்ந்துவிடுமா? இங்கே எல்லாரும் சுகம். குழந்தைகளுக்குச் சளி வந்தது, போனது. மற்ற வம்பெல்லாம் அடுத்த கடிதத்தில். இது முழுக்க உன் அம்மாவுக்கு. நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டு. மார்மன் என்பது ஜோசப் ஸ்மித் தொடங்கிய எங்கள் கிறிஸ்தவச் சபைக்கு ஊரார் வைத்த பெயர் என்று முதலில் சொல்.

முதலில், அம்மாவை ஆலயத்துக்குள் விடமாட்டார்களாமே என்ற கேள்வி. ஆமாம், விடமாட்டார்கள். வார்டு என்கிற உள்ளூர்ச் சபையின் தலைவரான பிஷப்பும், அவருக்கு மேலே பல வார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டேக் தலைவரும் நேர்காணல் செய்து கையெழுத்துப் போட்ட ரெக்கமெண்ட் சீட்டு இருக்கிறவர்கள்தான் ஆலயத்துக்குள் போகலாம். பெண்ணின் சொந்தத் தங்கைக்கே சீட்டு இல்லாவிட்டால் வெளியேதான் காத்திருக்க வேண்டும். உன் தம்பியும் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம் ஆன பிறகே ஆலயத்தில் சீலிங் செய்துகொள்ளத் தகுதி பெறுவான்; சீலிங் என்றால் மணமக்களை என்றென்றைக்கும் இணைக்கிற சடங்கு. அவனிடம் தேதியைக் கேட்டுக்கொள். ஆனால் அம்மா கல்யாணத்தைப் பார்க்க வழி இருக்கிறது. முன்பெல்லாம் இந்த நாட்டில் சட்டக் கல்யாணத்தை முதலில் செய்துகொண்டால், ஆலயத்தில் சீலிங் செய்ய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதனாலேயே மதம் மாறி வந்த பிள்ளைகள் பலர் பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். 2019 மே 6 அன்று சபை அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. இப்போது காலையில் எல்லாரும் பார்க்கச் சட்டக் கல்யாணம், அன்றைக்கே மதியம் ஆலயத்தில் சீலிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் கல்யாண லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குக் கெடு உண்டு, ஒரு மாதத்தில் காலாவதியாகிவிடும், ஆகவே அம்மாவின் விமானச் சீட்டு உறுதியான பிறகு வாங்கச் சொல். வயது வந்த சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். பிஷப்பே நடத்தி வைப்பார், காசு வாங்கமாட்டார். பெண் வீட்டுத் தோட்டத்திலோ வாடகை மண்டபத்திலோ வைத்தால் மாலை மாற்றலாம், தாலி கட்டலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பிறகு மணமக்கள் ஆலயத்துக்குப் போய் பீடத்துக்கு இரு பக்கமும் முழந்தாளிட்டுக் கைகோத்து உடன்படிக்கை செய்வார்கள். அந்தச் சடங்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அம்மா வாசலில் இருந்தால், வெளியே வந்ததும் முதல் போட்டோ அவளோடு எடுக்கலாம். ஞாயிறும் திங்களும் ஆலயம் இருக்காது, அந்த நாட்களைக் குறித்துவிடாதீர்கள். ப்ரோவோ நகர மையத்தில் உள்ள ஆலயம் என்றால் அம்மாவுக்குப் பார்க்கவே பிடிக்கும். 2010 டிசம்பரில் தீப்பிடித்துச் சுவர் மட்டும் மிஞ்சிய பழைய கூடத்தை அப்படியே தாங்கி நிறுத்திக் கட்டி, 2016 மார்ச்சில் திறந்தார்கள்.

அம்மாவின் பெரிய பயம் வேறே என்று எனக்குத் தெரியும். பையன் பெண் வீட்டோடு ஐக்கியமாகிவிடுவான், நம்மை மறந்துவிடுவான் என்பது. அது நியாயமான பயம், வாயாடி. இங்கே பெண் வீடு என்றால் அண்ணன் அக்கா அத்தை சித்தப்பா என்று ஒரு தெருவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கே, பண்டிகை அங்கே, குழந்தை பிறந்தால் அந்த அம்மா பத்து நிமிஷத்தில் வந்து நிற்பாள். மதம் மாறி வந்து தனியாக நிற்கும் பையன் அவர்களுக்கு நன்றி சொல்லியே களைத்துப்போவான். சொந்த அம்மாவுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தச் சபையில் நன்றியை மனசுக்குள் வைத்துக்கொள்ள விடுவதில்லை. நாளும் நேரமும் குறித்து, ஆள் பெயர் போட்டு, வேலையாகக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேலைகளை உன் தம்பி ஒழுங்காகச் செய்தால் அம்மா அதற்குள் கட்டாயம் வருவாள். எப்படி என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை ராத்திரியைப் பிடித்துக்கொள். அது குடும்பத்துக்கான இரவு. 1915லேயே வாரம் ஒரு மாலையைக் குடும்பத்துக்கு ஒதுக்கச் சொன்னார்கள், 1970ல் அது திங்கள் என்று நிலையானது. அன்றைக்கு மாலை சபையில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வேதத்திலிருந்து ஒரு சின்னப் பாடம், தின்ன ஏதாவது. புதுசாகக் கல்யாணமான இரண்டே பேருக்கு அரை மணி நேரம் போதும். குழந்தை வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஜோடிகள் பெரும்பாலும் ஆரம்பிப்பதே இல்லை, ஏனென்றால் அதற்குள் அந்த மாலையை வேலையும் படிப்பும் தின்றுவிடுகின்றன. இன்னொரு தப்பு, அந்த நேரத்திலேயே வாடகை, கடன், யார் கார் கழுவுவது என்று பேச ஆரம்பிப்பது. கணக்கு வழக்குக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளச் சொல். திங்களன்று ஒருவருக்கொருவர் அந்த வாரம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி நன்றி சொல்லட்டும். “எல்லாத்துக்கும் தேங்க்ஸ்” என்றால் கணக்கில் சேராது. “எனக்குப் பரீட்சை என்று வியாழக்கிழமை நீயே துணி துவைத்தாய்” என்றால் சேரும்.

அம்மா உள்ளே வருவது இங்கேதான். இங்கே திங்கள் ராத்திரி ஏழரை என்றால் உங்களுக்குச் செவ்வாய்க் காலை ஏழு. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், அப்போது உங்களுக்கு எட்டு. அம்மா பூஜை முடித்துச் சும்மா இருக்கும் நேரம். பாடம் முடிந்ததும் வீடியோவில் கூப்பிடச் சொல். “நேரம் கிடைக்கும்போது பேசுகிறேன்” என்று அவன் சொன்னால் விடாதே, நேரம் கிடைக்காது. திங்கள் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெண்ணே ஞாபகப்படுத்துவாள், அப்படித்தான் வளர்ந்திருப்பாள்.

அடுத்தது உபவாசம். மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டு வேளை, இருபத்து நாலு மணி நேரம், தண்ணீர்கூடக் கிடையாது. சனி மதியச் சாப்பாட்டோடு ஆரம்பித்து ஞாயிறு மதியம் முடிக்கலாம், அல்லது ராத்திரியிலிருந்து ராத்திரி. யூட்டா காய்ந்த ஊர், அதனால் முதல் நாளே நன்றாகத் தண்ணீர் குடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைவலி பிடுங்கும். கர்ப்பிணி, பால் கொடுக்கிறவள், சர்க்கரை நோயாளி யாரையும் இருக்கச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை என்பதால் தம்பி முதலில் பரிசோதித்துக்கொள்ளட்டும். சாப்பிடாமல் மிச்சமான பணத்தை, முடிந்தால் அதற்கு மேலும், பிஷப்பிடம் கொடுக்க வேண்டும். வார்டில் வாடகை கட்ட முடியாதவனுக்கும் மளிகை இல்லாதவளுக்கும் அதிலிருந்துதான் போகும். இது வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்துக்கு மேலே தனி. தசமபாகத்தைச் சம்பளம் வந்த அன்றே கட்டிவிட வேண்டும், மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்த ஞாயிறு பிரசங்கம் இருக்காது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சாட்சி சொல்லலாம், பெரும்பாலும் நன்றிதான் சொல்வார்கள், அழுவார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. சின்ன வயசு ஜோடிகள் எல்லாரும் சிரித்த முகமாக “என் கணவருக்கு நன்றி, என் குடும்பத்துக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கும்போது, அந்த வாரம் வீட்டில் சண்டை போட்டவளும் கர்ப்பம் கலைந்தவளும் பின் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நன்றி சொல்வது கஷ்டத்தை மூடி வைக்கிற மூடியாகிவிடக் கூடாது. தம்பிக்குக் கஷ்டம் வந்தால் பிஷப்பிடம் தனியாக நேரம் கேட்கட்டும். மனநல ஆலோசனைக்குச் செலவு செய்யக்கூட உபவாசக் காணிக்கையிலிருந்து உதவ முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் விசாரித்துப் பார்த்துக்கொள்ள ஆட்களைப் பெயர் போட்டு ஒதுக்கியிருப்பார்கள். 2018 ஏப்ரலிலிருந்து அதற்கு மினிஸ்டரிங் என்று பெயர். அவர்கள் வந்து “ஏதாவது வேணுமா?” என்றால் நம் பிள்ளை “பரவாயில்லை, ஒண்ணும் வேண்டாம்” என்பான். நம்மூரில் மூன்று முறை கேட்பார்கள், இங்கே ஒரு முறைதான். வேண்டாம் என்றால் மரியாதையாகப் போய்விடுவார்கள். அதனால், “சனிக்கிழமை எட்டு மணிக்கு வீடு மாறுகிறோம், நாலு பேர் வேணும்” என்று சொல்லப் பழக வேண்டும். ஆட்கள் வருவதற்கு முன்பே பெட்டிகள் கட்டி, டேப் ஒட்டி, எந்த அறை என்று எழுதி இருக்க வேண்டும். சமையல் சாமான் பரப்பிக் கிடந்தால் அடுத்த முறை ஆள் குறையும்.

குழந்தை பிறந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது ரிலீஃப் சொசைட்டி என்கிற சபைப் பெண்கள் சங்கத்தார். 1842 மார்ச் 17 அன்று இல்லினாயில் நாவூ நகரத்தில் ஆரம்பித்தது. பட்டியல் போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வருவார்கள். அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் துருவிய உருளைக்கிழங்கு ஒரு கிலோ போலப் போட்டு, சீஸ், புளிப்புக் கிரீம், ஒரு டின் சிக்கன் சூப் ஊற்றி, மேலே நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி ஓவன் அடுப்பில் முக்கால் மணி வேகவைத்த பண்டம். சைவம் என்றால் காளான் சூப் போடச் சொல்லிப் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும், வந்த பிறகு சொன்னால் அவர்கள் மனசு சங்கடப்படும். பதிலுக்கு உன் தம்பி எடுத்துப்போக எலுமிச்சை சாதம் நல்லது, ஆறினாலும் கெடாது. திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோகட்டும், பிள்ளை பெற்ற வீட்டில் யார் பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுப்பது?

காபி. இதற்குத்தான் அம்மா மூர்ச்சையாவாள். காபி, டீ, மது, புகையிலை நாலும் கிடையாது. 1833ல் ஒஹையோவில் ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடு அது. மருமகள் டிகிரி காபியை வேண்டாம் என்றால் அம்மாவை அவமதிக்கிறாள் என்று அர்த்தமில்லை. சுக்கு மல்லிக் காபி கொடுக்கலாம், காபித்தூள் சேர்க்காமல். பனங்கற்கண்டுப் பால், ராகிக் கூழ், எல்லாம் தாராளமாக. அம்மா இரண்டு கிலோ சுக்குப் பொடி கட்டிக்கொண்டு வந்தால் மருமகளைக் கையில் போட்டுக்கொள்வாள்.

மெட்ராஸ்காரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டிருக்கிறாளே, சொல். சால்ட் லேக் நகரத்தில் 1849ல் முதல் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்த ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853லேயே கப்பலேறி மெட்ராஸுக்கு வந்து ஊழியம் செய்தவர். நாம் படித்த ஊருக்கு!

கடைசியாக, மிக முக்கியமானது. தம்பி சீக்கிரமே அம்மாவிடம் தாத்தா பாட்டி, பூட்டன் பூட்டி பெயரெல்லாம் கேட்பான். பயப்படாதீர்கள். இவர்கள் முன்னோர்களைத் தேடித் தேடி எழுதுகிறவர்கள், 1894லிருந்து அதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இறந்தவர்களுக்காக ஆலயத்தில் உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறுவார். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மாவுக்கு இது கஷ்டமாக இருந்தால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு: கடந்த 110 வருஷத்துக்குள் பிறந்தவர்களுக்கு, உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்பது சபையின் விதி. தாத்தாவுக்கு அம்மாவின் வாய்ச்சொல் வேண்டும். இதைத் தம்பியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

சடங்கு வேண்டாம் என்றாலும் பெயர்களைக் கொடுங்கள். சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்கிற வம்சாவளி இணையதளத்தில் பதிவது இலவசம். நம்மவர்களுக்கு வரும் சிக்கல் மூன்று. குடும்பப் பெயர் என்று கேட்கிற கட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை வேறு குடும்பம் போலக் காட்டும், அதைக் காலியாக விட்டு, அப்பாவைத் தனி ஆளாக இணைக்க வேண்டும். ஊர் பெயரோடு தாலுக்காவும் வேண்டும், புதூரும் பட்டியும் எத்தனை இருக்கின்றன! மூன்றாவது பிறந்த வருஷம். ஜாதகத்தில் ருத்ரோத்காரி என்று இருந்தால் அது 1923–24ஆ, 1863–64ஆ என்று தெரியாது, அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். அவருடைய மூத்த பிள்ளை பிறந்த வருஷத்தை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

அம்மாவின் சின்னத் தாத்தா நாடகக் கம்பெனியில் இருந்தவர் என்று ஹாஸ்டலில் பீற்றிக்கொள்வாயே, அவர் பெயரும் ஊரும் உங்களில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளைச் சாப்பிட வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இந்த வாரமே எழுதி எடு. சுருக்கம் விழுந்த வாயால் அவள் சொல்கிற மாதிரியே குரலையும் பதிவு பண்ணி அனுப்பு. கல்யாணத் தேதி முடிவானதும் தந்தி போல ஒரு வரி எழுது, முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
உன் பெரிய மனுஷி