செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தில்லியில் நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பொங்கல் விழாவும் நவராத்திரிக் கொலுவும் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு 6 முறை கூடியது.

இவ்வாண்டு என் நேரத்தில் பெரும்பங்கு, நம் பிள்ளைகள் பயிலும் இந்தித் தட்டச்சு அறைக்கே சென்றது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினி ஜூன் மாதம் நின்றுபோயிற்று. அதிலிருந்த பயிற்சி மென்பொருள் 16 பிட் காலத்தது. புதிய கணினியின் 64 பிட் விண்டோஸ் அத்தகைய பழைய நிரலை ஏற்பதே இல்லை. அரசுக்கு நாம் எழுதிய பழைய மனுக்களைப் புதிய கணினியில் திறந்தபோது, ‘பாரத்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் எச், கே, கே, ஜே, ஆர் என ஐந்து ஆங்கில எழுத்துகள் நின்றன. அவற்றை அடிக்கப் பயன்பட்ட கிருதி தேவ் எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் குறியெண்களிலேயே இந்தி வடிவங்களை ஏற்றி வைத்திருப்பதுதான் காரணம்.

எழுத்துருவை நிறுவியதும் மனுக்களைப் படிக்க முடிந்தது. ஆனால் அவற்றைத் தேடவும் மின்னஞ்சலில் அனுப்பவும், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடு வேண்டும். ‘கி’ என்று அடிக்கப் பழைய முறையில் இகரக் குறி முதலில் வரும், நம் தமிழ்த் தட்டச்சில் கொம்பை முதலில் அடிப்பதைப் போல. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னரே பதிவாகிறது. ‘கர்ம’ என்பதன் ரகரமோ இதற்கு நேர்மாறு: பழைய முறையில் மகரத்துக்குப் பின், யூனிகோடில் முன். மாற்றும் நிரல் இவ்விடங்களில் தடுமாறியதால், மாற்றிய 140 மனுக்களையும் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். புதிய கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் மெய்நிகர் கணினி ஒன்றில் எக்ஸ்பியை நிறுவிப் பழைய மென்பொருளையும் மீண்டும் இயக்கினேன். பிள்ளைகளின் விரல் பழக்கம் கெடாதிருக்க, யூனிகோடுக்கும் பழைய தட்டச்சுப் பொறியின் ரெமிங்டன் விசை அமைப்பையே வைத்திருக்கிறேன்.

கைப்பேசியில் பேசினாலே இந்தி எழுத்தாகிவிடும்போது இந்த அறை எதற்கு என்று சிலர் கேட்டனர். பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்தர் தேர்வில் நிமிடத்திற்கு 30 இந்திச் சொற்களைப் பிள்ளைகள் விசைப்பலகையில்தான் அடித்துக் காட்ட வேண்டும். உதவுவதாகப் பெயர் கொடுத்த ஐவரில் ஒருவரே வந்தார் என்பதையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் அளிப்பார். கணினியாலும் கூரைப் பழுதாலும் செலவு வரவைச் சற்று மிஞ்சியது. உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் சந்தா இன்னும் நிலுவையில் உள்ளது.

இடம் தந்து உதவிய குடியிருப்பு நிர்வாகத்தினருக்கும், காவலாளிக்கும், கொலுவுக்குச் சுண்டல் செய்து தந்த தாய்மார்களுக்கும் நன்றி.

2013க்கு முந்தைய மனுக்கள் இன்னும் மாற்றப்படவில்லை. சனிக்கிழமை மாலைகளில் இந்தி படிக்கத் தெரிந்த இருவர் உடன் அமர்ந்தால் மட்டுமே வரும் ஆண்டும் இப்பொறுப்பை என்னால் ஏற்க இயலும். அவ்விருவரும் இன்றே, இக்கூட்டம் கலையுமுன், பெயர் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்