மருத்துவமனை நூலகர் பணியிடத்தில் கைவைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செலவுக் குறைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே' என்று சொல்லி மருத்துவமனை நூலகரின் பணியிடத்தில் கைவைப்பது சரியல்ல. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வொன்றில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். அம்மருந்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்பதை 1950களின் கட்டுரைகளே பதிவு செய்திருந்தன. ஆனால், ஆய்வாளர் தேடிய பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம் அப்போது 1966 வரை மட்டுமே பின்னோக்கிச் சென்றது. பழைய கட்டுரைகளைப் பட்டியலிடும் அச்சு அட்டவணைகளையும் புரட்ட வேண்டும் என்பது பயிற்சி பெற்ற நூலகருக்கு இயல்பாகவே தோன்றும்.

சிறுநீரகம் பழுதடைந்த கர்ப்பிணிக்கு ஒரு மருந்தைக் கொடுக்கலாமா என்று வார்டிலிருந்து மருத்துவர் கேட்டால், மாற்று மருந்து எது, அஞ்சும் விளைவு எது என்று கேள்வியைப் பிரித்து, ஒரே நோய்க்கு வழங்கும் பல பெயர்களையும் சேர்த்துத் தேடி, தரமற்ற ஆய்வுகளைக் கழித்து, நம்பத்தக்க நான்கைந்தை மட்டும் நூலகர் அவர் கையில் தருகிறார். முடிவெடுப்பவர் என்னவோ மருத்துவர்தான்.

அமெரிக்க மருத்துவ நூலகர் கெர்ட்ரூட் லாம்ப் 1971இல் கான்சஸ் சிட்டியில் நூலகர்களை மருத்துவர்களோடு வார்டுச் சுற்றுக்கே அனுப்பினார். பணியிடத்தை ஒழிக்க நினைக்கும் நிர்வாகங்கள், அதற்கு முன் அந்த முறையைச் சில மாதங்களாவது நடத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ நூலகர்