முதலில் ஆசிரியர் மாணவராகட்டும்

மொழிபெயர்ப்பை இணையவழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறையினருக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களில் நீராட வரும் வடநாட்டு யாத்திரிகர்களுக்கு இந்தியில் எடுத்துச் சொல்லி வயிறு கழுவுகிறவன் நான். இந்தத் தொழிலை முறையாகப் படிக்கலாமே என்று ஓர் இணையவழிச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

ஆசிரியர் நன்றாகப் படித்தவர். ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஸ்லைடைத்தான் வாசித்தார். நாங்கள் 40 பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வாயால் மொழிபெயர்க்கும் படிப்பில் நான் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் மீனவர் ஒருவரின் பேச்சை ஓடவிட்டு, தானே ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினார். அதில் வந்த 'கச்சான்' நிலக்கடலை ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் நிலக்கடலையும் உண்டுதான். எங்கள் கரையில் அது மேற்கேயிருந்து அடிக்கும் காற்று. தெரியாதது குற்றமில்லை. நேர்வகுப்பாக இருந்தால் எங்கள் சிரிப்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். திரையில் அவர் கண்டது 40 கறுப்புக் கட்டங்கள்.

இணையத்தில் முடியாது என்று சொல்லவரவில்லை. இன்னும் சொன்னால் அங்கே ஒரு வசதி கூடுதல். மூலப்பேச்சு ஒரு காதிலும் மாணவர் சொல்வது மறுகாதிலும் விழுமாறு பதிவு செய்துகொள்ளலாம். எங்கே பின்தங்கினார், எந்த எண்ணைக் கோட்டைவிட்டார், எங்கே மூச்சுத் திணறினார் எல்லாம் அதில் அகப்படும். ஆனால் அதை யாராவது கேட்க வேண்டுமே! ஐந்து நிமிடப் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் குறிப்பெழுத அரை மணி என்று வையுங்கள். 40 பேருக்கு 20 மணி நேரம். இதை உங்கள் பணிநேரக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? எழுத்து மொழிபெயர்ப்பில் பாடு கொஞ்சம் குறைவு. எல்லாரும் ஒரே கோப்பில் திருத்தினால் யார் எந்தச் சொல்லை ஏன் மாற்றினார் என்று அங்கேயே பேசிவிடலாம்.

ஜெனீவா பல்கலைக்கழகம் பேச்சு மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே தனிப் படிப்பு நடத்துகிறது. அதன் பெரும்பகுதி இணையவழிதான். நமக்கு அவ்வளவு வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன் ஒரே ஒரு மாதம் உங்கள் ஆசிரியர்களை மாணவராக்குங்கள். மடிக்கணினி கூடாது, கைபேசி மட்டும். பாம்பன் பக்கம் போல சிக்னல் வந்து வந்து போகட்டும். முன்பின் கேட்டிராத பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லட்டும், அதை இன்னொருவர் கேட்டுத் தப்புச் சொல்லட்டும். அப்புறம் ஸ்லைடு தானாகக் குறையும்.

ஏர்வாடியில் இருக்கும் என் தங்கை மகள், தர்காவுக்கு வரும் மலையாளிகள் மருத்துவரிடம் பேசத் துணைக்குப் போகிறாள். மனநோயாளியின் பேச்சு அது, ஒரு சொல் பிசகினால் மருந்து மாறிவிடும். உங்கள் அடுத்த வகுப்பில் சேரலாமா மாமா என்று கேட்டிருக்கிறாள். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துக்காரன்