சாட்சி நேரத்தில் எங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

சுகமளிக்கும் ஆராதனைகளும் ஆசீர்வாதக் கூட்டங்களும் நடத்திவரும் ஊழியர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நாலு தலைமுறையாக நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவர்கள். சபை விருந்தான அசனப் பண்டிகைக்குக் காய் நறுக்கப் போன அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே கோயிலுக்குள் வளர்ந்தவள். உங்கள் கூட்டங்களுக்கும் பல வருடம் வந்திருக்கிறேன். கை தட்டிப் பாடியிருக்கிறேன், காணிக்கைக் கவரில் பெயர் எழுதிப் போட்டிருக்கிறேன். கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறார் என்று நம்புகிறவள்தான். வெளியாள் யாரோ குறை சொல்கிறாள் என்று இந்த மடலைத் தள்ளிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதையெல்லாம் முதலிலேயே சொல்கிறேன்.

என் தங்கைக்கு மார்பில் கட்டி வந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆபரேஷன் முடிந்து ஆறு தடவை கீமோ போட வேண்டும் என்றார்கள். மூன்று முடிந்திருந்தது. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ரசம்சாதம்கூட இறங்காத நாட்கள். அப்போது ஒரு கூட்டத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போனது நான்தான். மேடையில் இருந்த ஊழியர் அவளை முன்னால் கூப்பிட்டு, தலையில் எண்ணெய் வைத்து, சுகமாயிற்று என்று அறிக்கையிட்டார். இனிமேல் ஊசிக்குப் போனால் அது அவிசுவாசம் என்றார். அடுத்த வாரமே, சுகமானதை மேடையில் எல்லாருக்கும் முன்பாகச் சாட்சியாகச் சொல்ல வைத்தார்கள். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்து நின்றாள். கூட்டமே எழுந்து அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன். கழுத்தில் கிடந்த சங்கிலியை அன்றைக்கு அவள், விதைத்தால் ஆசீர்வாதமாய் விளையும் என்று கேட்கப்படுகிற விதைக் காணிக்கையாகக் கழற்றிக் கொடுத்தாள். அந்தச் சங்கிலியைப் பற்றி இதற்குமேல் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஐந்து மாதம் கழித்து இடுப்பு வலி வந்தது. எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தது. மீதி மூன்று ஊசியையும் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் மேல் அந்தப் பழியைச் சுமத்த நான் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

போன் பண்ணி ஜெபிக்கச் சொன்னோம். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் இதுதான்: கர்த்தர் கொடுத்த சுகத்தை அவள் காத்துக்கொள்ளவில்லை, விசுவாசம் தளர்ந்துவிட்டது, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவள் கேட்டுப் பார்த்தாள் ஐயா. ராத்திரி ராத்திரியாகக் கேட்டுப் பார்த்தாள். மார்பில் வந்த கட்டியைவிட அது அவளைத் தின்றது. ஏழாம் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் பேனாவை எடுத்துக்கொண்டதை ஒருநாள் விடியற்காலம் என்னை எழுப்பிச் சொன்னாள். மாமியாரிடம் எப்போதோ எதிர்த்துப் பேசியதைச் சொன்னாள். கடைசியில் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல், “எக்கா, இன்னும் எதை விட்டேன்னு தெரியலியே” என்று அழுதாள். புற்றுநோய் அவள் எலும்பைத்தான் தின்றது. இயேசு தன்னைக் கைவிடவில்லை என்கிற ஒரே ஆறுதலை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் போதனை.

எங்கள் சபையின் வயதான உபதேசியார் ஒருநாள் சாயங்காலம் வந்தார். எண்ணெய் கொண்டுவரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எண்பத்தெட்டாம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார். அந்தச் சங்கீதம் ஆறுதல் இல்லாமலே முடிகிறது. மற்றச் சங்கீதங்களைப்போல் கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை. “இதுவும் வேதத்துலதான் இருக்கா?” என்று கேட்டாள். “இருக்கும்மா” என்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பாவக் கணக்கு பார்க்காமல் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

அதற்குப் பிறகு நான் வேதத்தை வேறு விதமாக வாசிக்க ஆரம்பித்தேன். புது வருடத்துக்கு நீங்கள் கொடுத்த வாக்குத்தத்த அட்டை அவள் வேதாகமத்துக்குள்தான் இருந்தது. எரேமியா 29:11. அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அது சொல்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பலாம் என்று அங்கே ஆசை காட்டிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே மண்ணுக்குள் போயிருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அவர்களுக்குத்தான் கர்த்தர் சொல்லியனுப்பினார். முழுக் கடிதத்தையும் என் தங்கைக்கு யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் அந்த வசனம் அவளைத் தாங்கியிருக்கும். ஒற்றை வரியாக அட்டையில் வந்ததால், பலிக்காத சீட்டைப்போல அவள் கையில் கிடந்தது.

எபிரெயர் பதினோராம் அதிகாரத்தை எத்தனை கூட்டத்தில் பிரசங்கித்திருக்கிறீர்கள்! சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்கிற இடத்தில் இசைக்குழு உச்சத்துக்குப் போகும். முப்பத்தைந்தாம் வசனத்தின் நடுவில் அந்தப் பட்டியல் திரும்பிக்கொள்கிறது. “கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள்.” இவர்களும் அதே விசுவாசத்தின் வீரர்கள்தான், அவிசுவாசிகளின் பட்டியல் என்று அங்கே தனியாக எதுவும் இல்லை. அதற்குப் பிறகு வருகிற வசனத்தில் நீங்கள் தினமும் உச்சரிக்கிற இரண்டு சொற்கள் சேர்ந்தே நிற்கின்றன: “இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்.” சாட்சியும் இருக்கிறது, வாக்குத்தத்தமும் இருக்கிறது. அடையாமற்போனவர்களுக்கு வேதம் கொடுத்த சாட்சியை உங்கள் மேடை ஏன் கொடுப்பதில்லை? தன்னோடுகூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார். கைக்குட்டை பட்டே வியாதி நீங்கினதாகச் சொல்லப்படுகிற அதே பவுல். துரோப்பீமுவின் விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை அவர் எழுதவில்லை.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. நீலகண்ட பிள்ளை மாடுகளும் விளைச்சலும் போய் மனம் உடைந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படையை நடத்திய டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். போனதெல்லாம் இரட்டிப்பாய்த் திரும்ப வரும் என்று ஆசை காட்டி அவரை அழைக்கவில்லை. பாடுபட்ட ஒரு மனுஷனின் கதையைச் சொல்லித்தான் அழைத்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்று ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது சிறை, அடி, அவமானம். 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நான் சி.எஸ்.ஐ.க்காரிதான், ஆனாலும் அந்த மலையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் அவரை நினைக்காமல் போக முடிவதில்லை. ஆசீர்வாதம் என்று நீங்கள் பேசுகிற அளவுகோலை வைத்து அளந்தால் தேவசகாயம் பிள்ளை தோற்றுப்போனவர்.

டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மாவை உங்களில் பலர் பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்த பிறகு, 1951-ல் சாகும்வரை அவர்கள் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. கல்லறையில் பெயர்க்கல்கூட வேண்டாம் என்றவர்கள். பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நடக்கும்படி எழும்பவில்லை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவரை மேடைக்குக் கூப்பிட்டிருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? எழுந்து நட என்று சொல்லி, நடக்காவிட்டால் அவர் விசுவாசத்தைச் சந்தேகித்திருப்பீர்களா?

இதையெல்லாம் வெளியில் பேசக்கூடாது என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஏற்கெனவே நம்மைக் குறை சொல்லக் காத்திருக்கிறவர்களின் வாய்க்கு அவல் போடலாமா என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஜெப வீட்டின் கதவைத் தட்டி உடைக்கிற காலம் இது. ஆனால் அந்தியோகியாவில் பேதுரு தப்பாக நடந்தபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். கேட்டதை எழுதி கலாத்தியாவின் சபைகளுக்கும் அனுப்பினார். வெளியிலிருந்து வருகிற உபத்திரவத்தைத் தாங்க சபைக்கு விசுவாசம் வேண்டும். துன்பம் வந்தாலே விசுவாசம் இல்லை என்று பழக்கப்பட்ட ஜனம் அந்த நாளில் எப்படி நிற்கும்? கதவு உடைகிற ராத்திரியிலும் “நாம் என்ன பாவம் செய்தோம்” என்றுதான் தேடிக்கொண்டிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள். யாக்கோபு அதைத்தான் சொல்கிறார். மருந்தை நிறுத்து என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். வயிற்றுக் கோளாறுக்கு என்ன செய்வது என்று பவுல் தீமோத்தேயுவுக்குக் கைமருந்து சொல்லியிருக்கிறார். சுகமாகவில்லை என்று ஒரு குடும்பம் உங்களைத் தேடி வந்தால், காரணம் சொல்லாமல் போய் உட்காருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான்.

இன்னும் ஒன்று. சாட்சி நேரத்தில் சுகமானவர்களோடு சுகமாகாதவர்களையும் கூப்பிடுங்கள். பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு மறு ஞாயிறே கோயிலுக்கு வந்த தாயைக் கூப்பிடுங்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிற அண்ணனைக் கூப்பிடுங்கள். அவர்கள் இன்னும் எப்படி இயேசுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மைக்கில் சொல்லட்டும். கூட்டத்தில் பின்வரிசையில், சுகமாகாத உடம்போடும் குற்ற உணர்வோடும் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறவர்களைவிட அதிகம் ஐயா.

என் தங்கை இறப்பதற்கு ஆறு நாள் முன்னால் உபதேசியாரிடம், “ஐயா, நான் சுகமாகல. ஆனா அவர் எங்கேயும் போகல” என்று சொன்னாள். பக்கத்தில் நான் இருந்தேன். முக்காட்டோடு மைக்கைப் பிடித்து அவள் சொன்ன சாட்சியை ஆயிரம் பேர் கேட்டார்கள். இதை இரண்டு பேர்தான் கேட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சாட்சி நேரத்துக்குப் பெயர் வாங்குகிற தம்பியிடம் என் பெயரையும் கொடுக்கிறேன். ஐந்து நிமிஷம் போதும்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு சகோதரி
திருநெல்வேலி மாவட்டம்