கால் பிழைத்தது, சரி. இரண்டு வருஷம் கழித்து?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் நொறுங்கிய காலை எடுக்காமல் காப்பாற்றுவதில் நம் ஊருக்குப் பெயர் உண்டு. காயத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றே கோவை கங்கா மருத்துவமனையில் பிறந்ததுதான்: 14 வரை காப்பாற்றலாம், 17 முதல் எடுப்பதே மேல், இடைப்பட்டவர்களுக்கு மருத்துவரின் அனுபவம்தான் வழி. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரத்தைக் கவனிக்கிறது. நாங்கள் எழுதுவது அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி.

ரிங் (எலும்பில் கம்பிகளால் பிணைத்து, காலைச் சுற்றி வெளியே மாட்டும் வளையச் சட்டம்) போட்ட காலில் 6 செ.மீ. எலும்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி எலும்பை வேறோர் இடத்தில் வெட்டிவிட்டு ஒரு வாரம் பொறுத்து, வெட்டிய துண்டை நாளுக்கு 1 மி.மீ. நகர்த்த வேண்டும்; அது விட்டுப்போகும் இடைவெளியில் புது எலும்பு ஊறும். நகர்த்துவது ரிங்கின் நட்டுகளைத் திருகித்தான்: பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஆறு மணிக்கொருமுறை கால் சுற்று. நகர்த்தவே 60 நாள், புது எலும்பு இறுக அதைப்போல் இரு மடங்கு. பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. ஒரு நட்டை மட்டும் எதிர்ப்பக்கம் திருகினால் எலும்பு கோணும். அடிக்கடி விட்டுவிட்டால் நகரும் முன்பே கூடிக்கொள்ளும்; அவசரப்பட்டால் இடைவெளியில் எலும்பு ஊறாது. நட்டில் நெயில் பாலிஷால் அம்புக்குறி போட்டு அனுப்பினாலே பாதித் தவறு குறையும். அதற்கு எந்த டெண்டரும் வேண்டாம்.

எலும்பைவிட எங்களைப் படுத்துவது கணுக்கால். வலிக்குப் பயந்து ஊன்றாமல் முட்டிக்கடியில் தலையணை வைத்தே படுத்திருந்தால் குதிகால் மேலேறி, பாதம் கீழ்நோக்கி இறுகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். ஆள் நுனிக்காலில் நடப்பார். முன்பாதத்தில் துண்டை மாட்டி, முட்டியை நீட்டியபடி 30 விநாடி இழுத்துப் பிடிக்க வேண்டும், வேளைக்குப் பத்து முறை. சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம். செய்கிறாரா என்று பார்க்கத்தான் ஆளில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்டுகள் வீடு வீடாகப் போகிறார்கள். ரிங்கோடு டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் பட்டியல் அன்றே அவர்கள் கைக்குப் போகட்டும்.

அமெரிக்காவில் 569 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2002-ல் வெளியானது. கால் காப்பாற்றப்பட்டவர்கள், எடுக்கப்பட்டவர்கள் இருசாராரின் நிலையும் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய ஒன்றே. வேலைக்குத் திரும்பியவர்கள் சுமார் பாதிப் பேர். காப்பாற்றப்பட்டவர்களில் 47.6 சதவீதம் பேர் மறுபடி அட்மிட் ஆனார்கள். நோயாளியின் தன்னம்பிக்கையும் சுற்றத்தாரின் துணையும் விளைவைப் பாதித்தன.

ஆகவே மூன்றாம் மாதம், ஓராண்டு, ஈராண்டு என மூன்று முறை போன் செய்து பதிவேட்டில் எழுதுங்கள். குந்தி உட்கார முடிகிறதா? பஸ் படி ஏறுகிறாரா? எங்காவது சீழ் கசிகிறதா? வேலைக்குப் போகிறாரா, என்ன வேலை? கொத்தனார் வாட்ச்மேன் ஆகியிருந்தால், ‘வேலைக்குத் திரும்பினார்’ என்று டிக் போடாமல் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எலும்பு முறிவு வார்டு பிசியோதெரபிஸ்டுகள், செவிலியர்கள்